ஏலத்துக்கு வந்த மிளகு ரசம்

உலகத்திலேயே மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஏலக்கார அண்ணாத்ததான். சதுரங்கப்பட்டினத்தில் அவர் தும்மினால் மாமல்லபுரத்தில் "நூறாயுசு" என்பார்கள். காலையில் கடற்கரையில் மீன் ஏலம் விடுவது தொழில். மீதி நேரமும் அதே குரல்தான். தூக்கத்தில்கூட "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கத்திவிட்டு நிறுத்திவிடுவார். மூன்றாவது தரம் எப்போது வருமோ என்று சுவருக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக் கிடப்பேன்.

எழுபதுகளில் நான் அங்கே குமாஸ்தா. சொந்தச் சமையல். ஒரு நாள் என் உப்புமாவைச் சட்டியோடு தெருவுக்குத் தூக்கிப் போனார் அண்ணாத்த.

"கெட்டி சரக்கு! பல்லு நல்லா கீறவன் மட்டும் கேளு!"

ஒருவரும் கேட்கவில்லை. "எட்த்துகினு போறவனுக்கு என் சைக்கிளு ஒரு நாளிக்கு இனாம்!" அப்போதும் ஏலம் கேட்க ஆளில்லை.

"நீங்களே எடுத்துக்குங்களேன்" என்றேன்.

"ஏலம் வுடறவன் கேக்கக் கூடாது நைனா. தொழிலு!" என்று சட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "மனச வுடாத. செவுரு பூச ஆவும்."

கை இந்த லட்சணத்தில் இருக்கும்போது வாயாவது சும்மா இருந்திருக்கலாம். என் கல்யாணப் பந்தியில் மாமனார் ரசத்தைக் குடித்து முகம் சுளித்தார். "எங்க வீட்டு மிளகு ரசத்தைச் சாப்பிட்டுப் பாருங்க மாமா. நாலு தலைமுறையா வருது. நானே வைப்பேன்" என்று எடுத்து விட்டேன். நாலு தலைமுறையாக வந்தது உண்மைதான். என்னிடம் வந்தபோது குடிக்கிற வித்தை மட்டும்தான் வந்தது.

"அப்ப பொண்ண கொணாந்து குடித்தனம் வைக்கும்போது மாப்ள கையால ரசம் சோறு!" என்றார் மாமனார். புது மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நானும் தலையாட்டி வைத்தேன்.

குடித்தனம் வைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கருங்குழியிலிருந்து மாமனாரும் மகளும் பஸ் ஏறிவிட்டார்கள். நான் புளியைக் கரைத்தேன். நிறம் பிடிக்காமல் கொட்டினேன். மறுபடி கரைத்தேன், மிளகு கருகியது. வீட்டுத் தண்ணீர் முழுவதும் தீர்ந்தது. கிணற்றடிக்கு ஓட நேரமில்லை. அண்ணாத்த வாசலில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்து வீடுதானே என்று தூக்கி வந்து ரசம் கூட்டினேன். உப்பையும் தாராளமாகப் போட்டேன். சமைக்கும்போது ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ரசம் வைக்கத் தெரியாவிட்டாலும் வழக்கத்தை நான் விடவில்லை.

மாமனார் வந்து இலை முன் உட்கார்ந்தார். வாசலில் இடி இடித்தது.

"எவன்டா என் கொடத்த எட்த்தது?"

உள்ளே வந்த அண்ணாத்தயிடம், "ரசத்துக்கு ஊத்திட்டேன்" என்று பல்லைக் காட்டினேன்.

அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. என் காதருகே குனிந்தார். "நைனா, அது மீன் கழுவ மொண்டாந்த கடல் தண்ணி. நல்ல தண்ணில கழுவுனா மீனு ருசி பூடும்னு வெச்சிகினேன்."

என் கையிலிருந்த கரண்டி மாமனார் இலைக்கு மேல் அப்படியே நின்றது. கதவோரம் மனைவி ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்தால் முதல் ஆளாகக் குதிக்கத் தயாராக இருந்தேன்.

அடுத்த நொடி கூரை அதிர்ந்தது.

"இன்னா வாசன! நாலு தலைமொற சரக்கு! கேக்கறவன் கேளு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! மொத்தமும் எனக்கே!"

மாமனார் சுதாரிப்பதற்குள் அண்ணாத்த ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தார். கண்ணில் நீர் கொட்டியது.

"காரமா?" என்றார் மாமனார்.

"ருசி, பெரியவரே!" என்று குண்டானோடு வெளியேறினார் அண்ணாத்த.

மாமனார் மோர் சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்தார். ஆனால் முகமெல்லாம் பூரிப்பு. "பக்கத்து வூட்டுக்காரன் புடுங்கினு ஓடறான்னா, மாப்ள எப்டி வெச்சிருப்பாரு!" அதன் பிறகு கருங்குழி போகும்போதெல்லாம் என்னை அடுப்படிக்கு அழைப்பார், எனக்கு உடனே கை சுளுக்கிக்கொள்ளும். மனைவிக்கு உண்மை சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவள் சிரித்து முடிக்கத்தான் வருஷங்கள் ஆயின.

உப்புமாவைத் தெருவுக்கே காட்டியவர் அந்த ரசத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏலம் விடுகிறவர் தானே கேட்டதும், மெதுவாகப் பேசியதும் அவர் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். இரண்டும் எனக்காக.