பதவி வேண்டாத பெருமகன்

தலைவர்களில் பல இனம் உண்டு. மைக்கைப் பிடித்தால் விடாதவர், மாலை வாடினாலும் கழற்றாதவர், கூட்டத்துக்குப் பிந்தி வந்து முந்திப் போகிறவர். இவர்களைத் தூரத்திலேயே கண்டு ஒதுங்கிவிடலாம். நான் சொல்ல வந்தது வேறோர் இனம்: பதவி வேண்டாம், வேண்டாம் என்றபடியே பதவியில் இருக்கிறவர். கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எங்கே இல்லை இவர்? நம்மவரிடம் மட்டும்தான் உண்டென்று பெருமைப்பட வேண்டாம். சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் உள்ள ஆபிரிக்கப் பட்டமேற்படிப்பு மாணவர் சங்கத்திலும் ஒருவர் இருந்தார். அசல் சரக்கு.

பெயர் எபெனேசர். உடனே யாழ்ப்பாணத்து மானிப்பாயோ சுண்டுக்குளியோ என்று விசாரிக்கத் தொடங்காதீர்கள். மனிதர் கானா நாட்டவர், அந்தச் சங்கத்தின் தலைவர். மண்ணைப் பற்றி ஆய்வு செய்கிறார். ஆய்வேடு அடுத்த கோடையில் முடிந்துவிடும் என்பார். எந்தக் கோடை என்று யாரும் கேட்பதில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகக் குளிர்கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் நிற்பது, வதிவிட அனுமதி பற்றி வந்த ஜெர்மன் கடிதத்தைப் பிரித்துப் பொருள் சொல்வது, எந்தத் தமிழ்க் கடையில் நல்ல கிழங்கு கிடைக்கும் என்று வழிகாட்டுவது, ஞாயிற்றுக்கிழமை இங்கே துணி துவைக்கக் கூடாது என்று தெரியாமல் துவைத்துக் கீழ்வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு ஆறுதல் சொல்வது, எல்லாம் அவர்தான். பொய் சொல்லக் கூடாது, நல்ல மனிதர். செய்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், இனத்தின் அடையாளம் அங்கேதான் இருக்கிறது.

“இந்த வருசத்தோட நான் விடுறன். இளம் ஆக்கள் வரட்டும்.”

அவர் சொன்னது ஆங்கிலத்தில். நம் பேச்சில் தந்தால்தான் நமக்கு உறைக்கும்.

வருடம் முழுக்கச் சொல்கிற இதையே ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து சொல்வார். சொன்னதும் அவரோடு கானாவிலிருந்து வந்த பழைய கூட்டாளிகள் எழுந்து, ஐயையோ நீங்கள் இல்லாமல் சங்கமா என்று மேசையில் தட்டுவார்கள். அவர் தலையை ஆட்டுவார். மறுபடி கெஞ்சுவார்கள். கையை விரிப்பார். மூன்றாம் தரம் கெஞ்சியதும் கண்ணை மூடி, சரி, உங்களுக்காக இன்னும் ஒரு வருடம் என்பார். கைதட்டல். பிறகு சாப்பாடு. விருந்தாளி முதல் தரம் வேண்டாம் என்றால் இலையை எடுத்துவிடுவோமா நாம்? அதே வழக்கம்தான். வெட்கமில்லாமல் சொல்லலாம், எங்களுக்கு நன்றாக விளங்குகிற வழக்கம்.

ஆனால் அதே எபெனேசர் ஒவ்வொரு செப்ரெம்பரிலும், ரயில் நிலையத்தில் கோட்டைப் போர்த்திவிட்ட கையோடு, புதியவர்களுக்கு ஒரு பாடம் நடத்துவார். “இந்த நாட்டில ஒருக்காத்தான் கேப்பினம். கோப்பி வேணுமோ எண்டால் உடனே ஓம் எண்டு சொல்லுங்கோ. வேண்டாம் எண்டால் கோப்பி வராது. அதேமாதிரி, ஒருத்தர் வேண்டாம் எண்டால் திரும்பத் திரும்பக் கேட்டு அவரை அவமதிக்காதையுங்கோ.” பிள்ளைகள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். படித்த பிள்ளைகள் அல்லவா, ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

இப்படியிருக்க, பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டுக் கூட்டத்தில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் எபெனேசரிடம் அந்த ரயில் நிலையப் பாடம் கேட்டவர்கள். அதை அவர் யோசிக்கவில்லை. இந்த இனம் யோசிக்காது.

அன்று மண்டபத்துக்குள் வந்தவர், மேசைக்கு அடியில் ஒரு கூடையைக் கண்டார். பாற்கட்டி, உலர்ந்த இறைச்சி, ஒரு வைன் போத்தல், மேலே சிவப்பு நாடா. யாரோ சிறப்புப் பேச்சாளருக்காக்கும் என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் பெரிய பாற்கட்டியாக வைத்திருக்கலாமே என்று ஆலோசனையும் சொன்னார். துணைத்தலைவி மேரோன், எத்தியோப்பியப் பெண், அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்ப் பெரிய பாற்கட்டி வாங்கி வந்தாள்.

தேர்தல் நேரத்தில் தலைவர் இறங்கி உட்கார வேண்டும்; அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வேறொருவர் தலைமை தாங்க வேண்டும். இது இந்த நாட்டுச் சங்க வழக்கம். அன்று தாங்கியவள் ஹரிஷா. பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் பிறந்து வளர்ந்த நம்முடைய பிள்ளை. கானாவின் கொக்கோத் தோட்டங்களை ஆராய்வதால் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். வீட்டில் அம்மா மூன்று தரம் கேட்டுத்தான் சோறு போடுவார். பிள்ளையோ வீட்டுக்கு ஒரு சட்டம், வெளியில் ஒரு சட்டம் என்று வளர்ந்தவள்.

எபெனேசர் எழுந்தார். பெருமூச்சு விட்டார். இளம் ஆட்கள் வரட்டும் என்றார். மேசை தட்டப்படும் என்று காத்திருந்தார்.

“நிச்சயமாத்தானே?” என்று ஹரிஷா கேட்டாள்.

“நிச்சயமாத்தான்,” என்றார். முதல் தரம் அப்படித்தானே சொல்ல வேண்டும்?

“நன்றி,” என்றாள் ஹரிஷா. கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். மேரோன் ஏகமனதாகத் தலைவியானாள். கூடை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து எபெனேசரின் மடியில் ஏறியது. பெரிய பாற்கட்டி நல்ல கனம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அறையில் இருந்து பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். வழக்கமாக ஓயாமல் அடிக்கிற தொலைபேசி வாயே திறக்கவில்லை. கடிதத்துக்குப் பொருள் கேட்க ஆளில்லை, கிழங்குக்கு வழி கேட்க ஆளில்லை. பாற்கட்டியை வெட்டினார், சேர்ந்து சாப்பிடவும் ஆளில்லை. இந்தப் பரதேசத்தில் அவருக்குத் தாய், தகப்பன், சுற்றம் எல்லாம் அந்தச் சங்கம்தான். அதைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பாவம் மனிதர், அழுதே விட்டார்.

பொழுதுபட மேரோன் அழைப்பெடுத்தாள். மூன்று பேர் புதிதாக வருகிறார்களாம். கோட்டுத் தூக்க ஆள் வேண்டுமாம்.

“பதவி ஒண்டும் இல்லை. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாறியளோ?”

ஆயுள் முழுக்கப் பழகிய நாக்கு அல்லவா? ‘இனி நான் எதுக்கு, நீங்கள் இளம் ஆக்கள்’ என்பது தொண்டை வரை வந்துவிட்டது. மனிதர் அதை மென்று விழுங்கினார்.

“ஓம்,” என்றார். “எத்தினை மணிக்கு?”

அவர் தப்பிவிட்டார். நீங்கள்? இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து யாரோ ஒருவரின் முகம் உங்கள் மனதில் ஓடுகிறது, தெரியும். அவரை விடுங்கள். போன கூட்டத்தில், எனக்கு எதுக்கப்பா இந்தப் பதவி என்று நீங்கள் சொன்னபோது, கெஞ்சுவதற்கு யார் எழும்புகிறார் என்று உங்கள் கடைக்கண் தேடியதா இல்லையா? சரி, சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்குமுன், ஒருமுறை குனிந்து மேசைக்கு அடியில் பாருங்கள்.