டபுள் விசிலும் காதில் விழாத விசிலும்

ஸ்ரீரங்கத்தில் எலி பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். எலிகளை டிக்கெட் எடுக்காத பயணிகளாக நினைத்து, மரியாதையாக இறக்கிவிடப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெரு ‘டபுள் விசில்’.

சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆனதும் பஸ்ஸை விட்டார், விசிலை விடவில்லை. வீட்டில் ஒரு விசில் கேட்டால் அவர் மனைவி சரோஜா அக்கா தோசை ஊற்றுவதை நிறுத்த வேண்டும். இரண்டு விசில் என்றால் ரைட், இன்னும் போடலாம். நான் அந்தத் தெருவில் ஒயரிங் வேலை பார்ப்பவன். என் பைக்குக்கும் அவர்தான் டபுள் விசில் கொடுப்பார். அதற்கு முன்னால் கிளம்பினால் ரெண்டு நாள் பேச மாட்டார்.

அவர் வீட்டில் எலித் தொல்லை. சாதாரணத் தொல்லை இல்லை. மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு வந்த நாலாம் நாள், ஒரு எலி அவள் காலில் ஏறி, நின்று, யோசித்து, இறங்கிப் போனது. மறுநாளே மாப்பிள்ளை வந்து தில்லைநகரில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். பேத்தி அங்கேயே பிறந்தாள். “எலி போகட்டும் மாமா, அப்புறம் வரோம்” என்று தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் கட்டிய தொட்டில் காலியாகவே தொங்கியது. டபுள் விசில் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்.

“மருந்து வெச்சிடலாமே அண்ணே?” என்றேன்.

“கைக்குழந்தை வரப்போற வீட்ல விஷமா? பேசாத தம்பி.”

அப்போதுதான் போனில் விளம்பரம் பார்த்து அந்த மிஷினை வாங்கினார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பிளக்கில் செருகினால் நீல லைட் எரியும். மனிதர்களுக்குக் கேட்காத ஒரு சத்தம் போடுமாம், எலி அதைத் தாங்காமல் ஓடுமாம். அட்டைப் பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது.

“புரியுதா தம்பி? இதுவும் விசில்தான். நம்ம காதுல விழாத விசில்! நான் ஊதினா அவ்ளோ பெரிய பஸ்ஸே நிக்கும். எலி எம்மாத்திரம்?”

ஆறு மிஷின். ஆறுக்கும் நான்தான் பிளக் பாயிண்ட் போட்டேன். வீடே திருவிழா சீரியல் லைட் போட்டதுபோல நீலமாக மினுக்கியது. இவர் சமையலறை நடுவில் நின்று, “எறங்குங்க, எறங்குங்க, கடைசி ஸ்டாப்பு!” என்று மிஷினுக்கு ஒத்தாசை செய்தார்.

முதல் மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. உடனே மகளுக்குப் போன். “ஞாயித்துக்கெழம பாப்பாவைத் தூக்கிட்டு வந்துரும்மா. ரைட்!”

சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் நம்பர் மிஷினின் தலையில் ஒரு எலி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

“ஃபுட்போர்டு கேஸு” என்றார் மெதுவாக. “இதுக்கு மட்டும் காது மந்தம்னு நெனக்கிறேன். ஏழாவதா ஒண்ணு வாங்கிடுவோம்.”

சரோஜா அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். “ஏங்க, முப்பது வருஷமா ‘உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க’ன்னு ஊதினீங்களே, ஒரு ஆளாவது தள்ளிப் போனானா?”

டபுள் விசில் ஏழாவது மிஷின் பேச்சை விட்டார். அவரே மகளுக்குப் போன் போட்டு, “இந்த வாரம் வேணாம்மா” என்றார். ‘ரைட்’ சொல்லவில்லை.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். “தம்பி, ஃபுட்போர்டு தொங்கறது எப்ப நின்னுச்சு? நான் விசில் அடிச்சா நின்னுச்சு? பஸ்ஸுக்குக் கதவு வெச்சாங்க பாரு, அப்பதான் நின்னுச்சு! வா, கதவு வெப்போம்.”

ஒரு வாரம் நாங்கள் இருவரும் அந்த வீட்டைத் தவழ்ந்தே பார்த்தோம். சாக்கடைக் குழாய்க்குக் கம்பிவலை போட்டோம். கொல்லைக் கதவின் அடியில் தகரம் அடித்தோம். மண்ணச்சநல்லூர் அரிசி மூட்டை மூடி போட்ட டிரம்முக்குள் போனது. பீரோவுக்குப் பின்னால் கட்டைவிரல் தடிமனில் ஒரு ஓட்டை.

“இது எந்த மடையன் போட்டது?”

“நான்தாண்ணே. கேபிள் இழுக்கறப்போ.”

டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து சிமெண்ட் பூசி அதை அடைத்தேன். உள்ளே மிச்சமிருந்த மூன்று எலிகளும் கூண்டில் விழுந்தன. ஒவ்வொன்றையும் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய், ஒரு விசில் அடித்து, “எறங்குங்க” என்று கதவைத் திறந்துவிட்டார்.

நான் எட்டாவது வரை படித்தவன். அந்த மிஷினின் விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புதுச் சத்தத்துக்கு எலி மூன்று நாள் மிரண்டது, அப்புறம் பழகிவிட்டது. அடைத்த ஓட்டைக்கு மட்டும் அதனால் பழக முடியவில்லை.

ஒரு மாதம் எலிப் புழுக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கவிதா வந்தாள். பாப்பாவைப் பார்க்க நான் போனபோது அது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு மிஷினில் ஒன்று மட்டும் மூலையில் நீலமாக எரிந்தது. “நைட்டு லைட்டுக்கு நல்லாருக்கு” என்றார் அக்கா.

கிளம்பினேன். டபுள் விசில் வாசல் வரை வந்தார். பழக்கதோஷத்தில் விசிலை வாயில் வைத்துவிட்டார். உள்ளே திரும்பித் தொட்டிலைப் பார்த்தார். பிறகு மூச்சே விடாமல், கன்னத்தை மட்டும் இரண்டு தரம் உப்பிக் காட்டி, ரைட் என்று கையசைத்தார்.

நானும் தெருமுனை வரை பைக்கைத் தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்தேன்.