சத்து மாத்திரையும் பயணக் காப்பீடும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் இங்கே நலம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம். இந்த முறை அந்த ஒரு வரிக்கே இரண்டு பக்க விளக்கம் தேவைப்படுகிறது. போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். அதனால்தான் கடிதம்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் அங்கே வரும் வெளிநாட்டுப் பயணத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது பத்து நிமிட வேலை என்று சொல்லி இணைப்பை அனுப்பினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனிடம் ‘விதிமுறைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைக் காட்டினால் அவன் நிஜமாகவே படித்துவிடுவான் என்று நீங்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்? மொத்தம் நாற்பத்தாறு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும்போதே ‘உங்கள் நேரம் முடிந்துவிட்டது’ என்று திரையில் வந்தது. இந்த வயதில் ஒருவரிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது? மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பிறந்த வருடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் விரல் வலித்துவிட்டது. அந்த விரலே தவறி ‘பெண்’ என்ற கட்டத்தில் பட்டுவிட்டது போலிருக்கிறது, அடுத்த பக்கத்தில் எத்தனையாவது மாதம் என்று கேட்டது. பின்னால் போக வழி தெரியவில்லை, சரியாகத் தெரியவில்லை என்று பதில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் விதிமுறைகளை மட்டும் அச்செடுத்து இரண்டு நாள் உட்கார்ந்து படித்து முடித்தேன். முப்பத்தொரு பிழை. ‘பயணத்திலிருந்து உயிருடன் திரும்பாத பயணி பதினைந்து நாட்களுக்குள் அலுவலகத்துக்கு நேரில் வந்து தெரிவிக்க வேண்டும்’ என்று ஓர் இடத்தில் இருக்கிறது. இதையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, மரியாதையாக ஒரு கடிதமும் வைத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது: ‘உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. பாதிக்கப்பட்ட உறுப்பைக் குறிப்பிடவும்.’ இதற்கு என்ன பதில் எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் அத்தை பக்கத்து வீட்டில் விசாரித்து ஒரு முகவரை வரவழைத்துவிட்டாள்.

வந்தவர் ஒரு அம்மாள். இருபது வருடம் செவிலியராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவராம். சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைக் கேட்டார்: “ஐயா, ரெண்டு பேருக்கும் ஏற்கனவே ஏதாவது நோய் இருக்கா?”

“ஒண்ணும் கிடையாது. எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை” என்றேன்.

“அம்மா சொல்லட்டும். இருக்கறதை மறைச்சு வெச்சா, அங்க போய் ஆஸ்பத்திரியில படுத்த பிறகு ஒரு காசு வராது. மகளும் மாப்பிள்ளையும்தான் அலையணும்.”

உங்கள் அத்தை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். “பிரஷர் இருக்கு. ஆறு வருஷமா மாத்திரை போடறேன்” என்றாள்.

மாப்பிள்ளை, முப்பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எந்த மாத்திரை என்று கேட்டேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அது சத்து மாத்திரைப் புட்டி. அதாவது ஆறு வருடமாக நான் சத்து மாத்திரை என்று நம்பிக்கொண்டிருந்த புட்டி. அதைப் பார்த்ததும் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று முகவர் கேட்டார். பழைய செவிலியரிடம் பொய் சொல்ல வரவில்லை. “நானும் அதைத்தான் சாப்பிடறேன்” என்றேன். எப்போதிலிருந்து என்றார். இரண்டு வருடமாக என்றேன். எத்தனை என்றார். சோர்வாக இருந்தால் ஒன்று, ரொம்பச் சோர்வாக இருந்தால் இரண்டு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“தலை சுத்துமா ஐயா?”

இங்கேதான் என் குட்டும் உடைந்தது. இரண்டு வருடமாக எனக்குத் தலை சுற்றல். நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் ஏழு முறை போயிருக்கிறேன். குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் என்னைத் தள்ளித் தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, காரணம் தெரியவில்லை என்றார்கள். காரணம் தெரியாத நோய் என்றால் பெரிய நோய்தான் என்று நானே முடிவு கட்டி, பேரக் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று மனதுக்குள் ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தேன். அத்தனையையும் படிவம் நிரப்ப வந்த ஒருவர் முன்னால் கொட்டும்படி ஆயிற்று.

உங்கள் அத்தை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப மாத்திரையை எடுத்தது நீங்களா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“எண்ணி எண்ணிப் பார்ப்பேன், குறையும். ரெண்டு தடவை போட்டுட்டேனோன்னு பயந்து அன்னைக்குப் போடாம விட்டுடுவேன். எனக்கு மறதி நோய் வந்துடுச்சுன்னே நினைச்சேன். பேத்தியை எங்கேயாவது வெச்சுட்டு மறந்துடுவேனோன்னு, டிக்கெட் எடுத்த நாள்லேருந்து எனக்குத் தூக்கமே இல்லை.”

முகவர் மெதுவாக, “அப்ப மறதின்னு எழுதட்டுமாம்மா?” என்றார்.

“எழுத வேண்டாம்” என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். உங்கள் அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது. நானும் முகவரும் படிவத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

ஏன் மறைத்தாய் என்று பிறகு கேட்டேன். உங்கள் கல்யாணம் நிச்சயமான வாரம்தான் டாக்டர் பிரஷர் என்று சொன்னாராம். “அப்ப சொல்லியிருந்தா நீங்க என்னை ஒரு வேலையும் செய்ய விட்டிருக்க மாட்டீங்க. கல்யாணம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன். முடிஞ்ச பிறகு, ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேப்பீங்க. அப்படியே போயிடுச்சு” என்றாள். நீங்க ஏன் மறைச்சீங்க என்று அவள் கேட்டாள். நூலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

ஆக, அன்று கிளம்பும் முன் முகவர் தீர்ப்பு சொன்னார்: “அம்மாவுக்குப் பிரஷர். அதை எழுதிடலாம், கொஞ்சம் கூடக் கட்டினா அதுக்கும் சேர்த்துக் குடுப்பாங்க. ஐயாவுக்கு நோயே இல்லை. அம்மா மாத்திரைதான் நோய்.” என் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று பெரிதாக எழுதினார். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஒரு பரிசோதனை உண்டாம், வெறும் சம்பிரதாயம்தான் என்றார். புட்டிக்கு இப்போது உங்கள் அத்தை சரியான பெயரை எழுதி ஒட்டிவிட்டாள். நான் அதன் பக்கமே போவதில்லை. தலை சுற்றலும் நின்றுவிட்டது. இந்த வயதில் ஒரு நோயும் இல்லாத ஆள் என்று எழுத்து மூலமாக நிரூபிக்கப்பட்டவன் எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நேற்று இரண்டு பேரிடம் சொன்னேன்.

எனவே திட்டமிட்டபடி பன்னிரண்டாம் தேதி வந்துவிடுவோம். மகள் நிம்மதியாக வேலைக்குத் திரும்பலாம். இவையெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டுமா என்பதை உங்கள் பொறுப்புக்கு விடுகிறேன். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேத்திக்கு முத்தம். மருந்துக்கும் மருத்துவருக்கும் வேலை வைக்காமல் நீங்கள் எல்லோரும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன் ஆசீர்வதிக்கும்,
மாமா

பி.கு.: உறை வாங்கி வர மறந்து இந்தக் கடிதம் எட்டு நாளாக மேசையிலேயே கிடந்தது. இதற்கிடையில் அந்தச் சம்பிரதாயப் பரிசோதனை நடந்தது. எனக்குப் பிரஷர் இருக்கிறது. உங்கள் அத்தைக்கு இருப்பதைவிட அதிகம். எப்போதிலிருந்து இருக்கிறதோ தெரியவில்லை. இரண்டு வருடமாக அவள் மாத்திரைதான் அதை மறைத்து வைத்திருக்கிறது என்கிறார் டாக்டர். தலை சுற்றியது, நினைத்தபோது நினைத்த அளவு போட்டதால். எழுதிக் கொடுத்ததும் அதே மாத்திரைதான், அதே நிறம். ஆகவே மேலே எனக்கு நோய் இல்லை என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். முகவர் புதுப் படிவம் எழுதி, நிறுவனமும் ஒப்புக்கொண்டுவிட்டது. வரும் தேதியில் மாற்றமில்லை. “குடும்பத்துல வேற யாருக்காவது பிரஷர் உண்டா?” என்று டாக்டர் கேட்டார். மனைவிக்கு என்றேன். “ரத்த சம்பந்தம் உள்ளவங்களைக் கேட்டேன். மனைவி இதுல சேர மாட்டாங்க” என்றார். வெளியே பெஞ்சில் என் செருப்பின் மேல் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் வந்து இதைச் சொன்னேன். அந்த டாக்டருக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது என்றாள்.