முன் சீட்டில் பேசியது பின் சீட்டில் கேட்டது பற்றி

நாசரேத்,
வியாழன் காலை.

கர்த்தருக்குள் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய சாத்தான்குளம் வேதமணி அத்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் தேவபிரசாதம் தலை குனிந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். தங்கள் சுகத்தையும், அக்காவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். அனைவரும் சுகம் என்பது முறைக்காக எழுதியதுதான் அத்தான். இன்பமணி என்னோடு பேசி ஒரு வாரமாகிறது. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தில்தான் எனக்கான சேதி எல்லாம் வருகிறது.

போனில் மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தேன், தாங்கள் எடுக்கவில்லை. நேரில் வர எனக்கு முகம் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து எத்தனையோ பிள்ளைகளை வகுப்பில் பேசாதே என்று அதட்டியவன், பேசக்கூடாத இடத்தில் பேசி மாட்டிக்கொண்டேன். நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனாலும் வேனில் மூன்றாம் வரிசையில் இருந்தவருக்கு முன் வரிசையின் நியாயம் தெரிந்திருக்காது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஜாஸ்லின் சென்னையில் பார்க்கிற வேலையே இதுதான். பெரிய வண்டியில் முன்னால் இருப்பவர் கழுத்தைத் திருப்பிக் கத்தவேண்டாம். சாதாரணமாகப் பேசினாலே பின்னால் இருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கவேண்டும். சீட்டுக்குச் சீட்டு மைக், ஸ்பீக்கர். காற்று, டயர், எஞ்சின் இரைச்சலை எல்லாம் கழித்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்புமாம். நம் ரோட்டில் கிடைக்கிற இரைச்சல் சென்னையில் கிடைக்காது என்று கம்பெனி வேனை இங்கே ஓட்டிவந்தாள். ஓசியில் மணப்பாடு பார்த்துவிடலாம் என்று நாம் ஏறினோம், தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

ஆறுமுகநேரி உப்பளம் பக்கம் போகும்போது தாங்கள் பின்னாலிருந்து ஒரு கீர்த்தனை எடுத்தீர்கள், கோயிலில் தங்கள் பக்கத்தில் நின்று பாடுகிற பழக்கத்தில் நானும் முன்னாலிருந்து சேர்ந்துகொண்டேன், வேன் போட்ட ஊளையில் எதிரே வந்த உப்பு லாரிக்காரன் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டான். ஜாஸ்லின் வண்டியை நிறுத்தி, "ஸ்பீக்கர்ல வாரத மைக் திரும்பக் கேக்குதுப்பா, கேட்டத மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்புது, அதான் கத்துது" என்று சொல்லி, லேப்டாப்பில் எதையோ தட்டினாள். ஊளை நின்றது. சின்ன முனகல்கூட இல்லை.

இங்கேதான் என் புத்தி போயிற்று. நம் கோயில் மைக் உயிரோடு இருந்தால் இரையும், ஊளையிடும், பிரசங்கத்தின் நடுவில் தும்மும். சத்தம் நின்றால் கரண்ட் போயிற்று என்று அர்த்தம். அந்த மைக் என் பொறுப்பில் இருக்கிற இத்தனை வருஷத்தில் வேறு அர்த்தம் நான் கண்டதில்லை. ஆகவே இதுவும் செத்துவிட்டது என்று நம்பி, வேன் கிளம்பியதும் ஜாஸ்லின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னேன்: "ஏளா, பாத்தியா, ஒங்க மாமா பாட்டு மெசினயே கத்த வச்சிட்டு. சுருதி ஒரு பக்கம் போவுது, அவுக ஒரு பக்கம் போறாக. ஒன் கல்யாணத்தன்னைக்கு அவுக பாட எழும்பவும் நான் மைக் சுவிட்ச அமத்திருதேன். கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கிடலாம்."

அவள் என் தொடையைக் கிள்ளினாள். பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லைபோல என்று எண்ணி, சுவிட்ச் எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் விளக்கினேன். அப்போது என் காதோரத்து ஸ்பீக்கரில் தங்கள் குரல் வந்தது. "மாப்ள, இங்கன ரொம்பத் தெளிவா கேக்குது." ஓடுகிற வேனிலிருந்து குதித்துவிடலாமா என்று கதவைத் தடவிப் பார்த்தேன். ஜாஸ்லின் பூட்டி வைத்திருந்தாள். மணப்பாடு வந்ததும் தாங்கள் சிலுவைக் கோயிலைக்கூட ஏறிப் பார்க்காமல், "நான் பஸ்ல போய்க்கிடுதேன்" என்று இறங்கிவிட்டீர்கள். அந்த வெயிலில் குடை இல்லாமல் நடந்து போனீர்களே, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அத்தான், எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இன்பமணி அதைக் கேட்டு அழுதாள், எனக்குத் தெரியாமல் அழுவதாக நினைத்து அழுதாள். ஜாஸ்லின், "மாமா வந்து பாடலன்னா நான் கோயிலுக்குள்ளயே நுழைய மாட்டேன்" என்கிறாள். என் வாய் செய்த காரியத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்கவேண்டாம். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் என்ன, மனசு சுத்தமாக இருக்கிறதல்லவா? நான் பொறுத்துக்கொள்கிறேன், ஊரும் பொறுத்துக்கொள்ளும். காலைப் பிடித்துக் கேட்கிறேன், வாருங்கள்.

அக்காவுக்கும் தங்கள் மகன் பெவினுக்கும் எங்கள் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் தங்கள் வீட்டையும் தொண்டையையும் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
தேவபிரசாதம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஜாஸ்லின் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். அன்று வேனில் பேசியது, பாடியது எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். இரைச்சலையும் ஊளையையும் கழித்து, ஒவ்வொரு சீட்டின் குரலையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள். முதலில் மூன்றாம் வரிசையைப் போட்டாள். தங்கள் குரல் சுருதியை விட்டு இம்மியும் அசையவில்லை. அடுத்து முன் சீட்டைப் போட்டாள். யாரோ ஒருவன் அதே கீர்த்தனையைக் கழுத்தைப் பிடித்து வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறான். யாரளா இது என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். ஒரு வாரமாகப் பேசாத இன்பமணி அடுப்படியிலிருந்து பேசினாள்: "ஒங்களுக்குச் சுருதி கிடையாதுன்னு நம்ம கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும். அண்ணன்தான் சொல்லக்கூடாதுன்னுட்டாக."

ஆகவே மேலே சுருதி பற்றியும், ஊர் பொறுத்துக்கொள்வது பற்றியும் எழுதிய வரிகளை அடித்துவிட்டு வாசிக்கவும். கல்யாணத்தன்று மைக் சுவிட்ச் பெவின் கையில் இருக்கட்டும். நீங்கள் பாடுங்கள் அத்தான். நான் வழக்கம்போல் பக்கத்தில் நின்று, இந்தமுறை வாயை மட்டும் அசைக்கிறேன்.