அரை மணிக்கு ஒரு விசில்

பிரிக்பீல்ட்ஸ்,
14.7.1996

அன்புள்ள மாப்பிள்ளை வாசு அவர்களுக்கு,

மாமனார் கன்னையா எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை இராஜம்மா, ஏழு மாதக் கர்ப்பிணியான சந்திரகலா மூவரும் நலம். பிந்துலுவில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த லேப்டாப்பை அவளிடமிருந்து வாங்கிப் பூட்டிவிடும்படி எழுதியிருந்தீர்கள். பூட்டிவிட்டேன். நேற்று மாலை முதல் அது இரும்பு அலமாரியில், சாவி என் இடுப்பில். அதற்கு முன் நடந்ததை வேறு யாராவது ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கிள்ளான் அச்சகத்துக்காக ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பயிற்சி நூலை அடித்துக் கொடுக்கிறாளே, அதை சோபாவில் சாய்ந்து, மடியில் வைத்துத்தான் அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்தான். போன வருடம் கரு கலைந்துபோனது நம் யாருக்கும் மறக்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகக் கைக்கு வர வேண்டுமே என்றுதான் எனக்குக் கவலை. உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் சிரித்துவிட்டார். "அங்கிள், கதிர்வீச்சு கிதிர்வீச்சுன்னு பயப்படாதீங்க லா. மடியில மட்டும் வேணாம், சூடு. மேசை மேல, முழங்கை உயரத்துல வைங்க. முதுகுக்குத் தலகாணி, காலுக்கு ஸ்டூல். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முழங்கை உயரத்தை அளந்தேன். அவள் அப்போது சோபாவில் இருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. அந்த அளவுக்குச் சாப்பாட்டு மேசையின் நாலு காலையும் அறுத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை அவள் முட்டிக்கு வந்தது. பிறகு செங்கல் அடுக்கி உயர்த்தினேன், அதில் ஒரு பக்கம் சாய்ந்து அத்தையின் ரசம் முழுக்க என் வேட்டியில் கொட்டிவிட்டது. அத்தை என்னோடு பேசி மூன்று நாளாகிறது.

அரை மணிக் கணக்குக்கு முப்பத்திரண்டு வருட ரயில்வே கார்டு வேலை கைகொடுத்தது. பழைய விசிலையும் பச்சைக் கொடியையும் எடுத்தேன். விசில் ஊதிக் கொடி காட்டினால் அவள் எழுந்து கேட் வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டு ஆ செங்கும் பழைய ஸ்டேஷன் போர்ட்டர் அல்லவா? மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, சாரோங்கைப் பிடித்துக்கொண்டு, "கெரெத்தாப்பி மானா?" என்று மலாயில் கேட்டபடி ரயிலைத் தேடி ஓடி வந்துவிட்டார். நேற்று பதினோராவது விசிலுக்குத் திடுக்கிட்டு சந்திரகலா எதையோ அழுத்த, அடித்த இரண்டு பக்கம் அப்படியே காணாமல் போனது. அழுதுவிட்டாள். நேற்று பார்த்து உங்கள் கடிதமும் வந்தது. இனி எதுவும் வேண்டாம் என்று பூட்டிவிட்டேன்.

வளைகாப்புக்கு லீவு போட்டு அவசியம் வாருங்கள். அம்மன் துணையால் எல்லாம் நல்லபடியாக நடக்கும், நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

ஆசிகளுடன்,
கன்னையா

பி.கு.: உறை தேடிக்கொண்டிருந்தபோது சந்திரகலா வந்து அலமாரி முன்னால் நின்றாள். "சும்மா உட்கார்ந்தா போன தடவ நடந்ததே ஞாபகம் வருதுப்பா. இத அடிக்கும்போதுதான், நம்ம பிள்ளையும் ஒரு நாள் இந்தப் புத்தகத்த படிக்கும்னு தோணுது" என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. கோபித்துக்கொள்ளாதீர்கள். மேசை இப்போது ஆடவில்லை, தலையணையும் ஸ்டூலும் சரியாக இருக்கின்றன, வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைப்பதாகச் சொல்கிறாள். விசிலும் கொடியும்கூட அவளிடம்தான். நான் குனிந்தபடி இதை எழுத ஆரம்பித்து ஒன்றரை மணி நேரமாகிறதாம். அரை மணிக்கு ஒன்றென்று மூன்று விசிலையும் சேர்த்து ஊதிவிட்டாள். கேட் வரை போய்விட்டு வந்து தபால்தலை ஒட்டுகிறேன்.