பேச்சித்தாயின் பங்குச் சீனி

பால்வண்ணநாதன் மூன்று அட்டைகளைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, எதை எடுத்துப் போவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். ஒன்று தபாலாபீஸ் அடையாள அட்டை, ஒன்று கண்டக்டர் லைசென்ஸ், ஒன்று ரேஷன் கார்டு. மூன்றும் சர்க்கார் கொடுத்ததுதான். மூன்றும் ஒரே ஆளுடையது என்றால்தான் யாரும் நம்பமாட்டார்கள்.

குற்றாலம் நமசிவாயம் பிள்ளையின் மகள் அகிலாண்டேஸ்வரி தென்காசியில் டீச்சர். தினமும் இவன் பஸ்ஸில்தான் வேலைக்கு வருவாள். அவள் வராத நாளில் இவனுக்கு விசில் ஊதக்கூடப் பிடிக்காது. கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தான்.

பிள்ளை தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் என்றாலே அவருக்கு ஆகாது.

"ஜாதகம் நாம காசு குடுத்து எழுதுதது. சர்க்கார் முத்திரை குத்தின கார்டைக் கொண்டாரச் சொல்லும். அதுதான் பொய் சொல்லாது" என்று தரகர் நல்லகண்ணுவிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை செங்கோட்டையிலிருந்து வேறொரு வரன் வருகிறதாம்.

"தபாலாபீஸ் கார்டைக் காட்டுவமா அண்ணாச்சி?"

நல்லகண்ணு படத்தைப் பார்த்தார். திருச்செந்தூரில் மொட்டை போட்ட கையோடு எடுத்த படம்.

"இதைப் பாத்தா பொண்ணு பயந்துரும் வே. லைசென்ஸை எடும். அதுல வயசும் கம்மி."

கம்மிதான். பஸ் முதலாளி இளவட்டமாகக் கேட்டதால் ஏழு வயதைக் கழித்து எழுதிக் கொடுத்தது. இருவரும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இருபத்தொம்பது. என் மகளுக்கு முப்பது. அவளுக்கு இளையவனுக்குக் கட்டிக் குடுத்தா ஊரு சிரிக்காதா?"

"ஐயா, அது வேலைக்காக எழுதுனது. நெசமா எனக்கு முப்பத்தாறு."

"அப்போ முப்பத்தாறுன்னு போட்ட கார்டைக் கொண்டாரும்."

மறுநாள் ரேஷன் கார்டோடு போனார்கள். அரிசி, சீனி வாங்குவதெல்லாம் அம்மா ஆவுடைத்தாய் பாடு என்பதால், பால்வண்ணநாதன் அந்தக் கார்டைத் திறந்தே பார்த்ததில்லை.

"முப்பத்தாறு. சரி" என்று தலையாட்டிய பிள்ளை அடுத்த வரிக்குப் போனார். முகம் சிவந்துவிட்டது. "மனைவி, பேச்சித்தாய்! வே தரகரே, பொண்டாட்டி உள்ளவனுக்கா என் மகளைக் கேட்டு வந்தீரு?"

நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவர்தான். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

பால்வண்ணநாதன் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"ஏம்மா, யாரு இந்தப் பேச்சித்தாய்?"

"யாருமில்லலே. ஆள் கூடினா சீனி கூடத் தருவான்னு எழுதச் சொன்னேன். உனக்குத்தான் கல்யாணம் கூடி வரல, சீனியாவது வரட்டும்னு பாத்தேன்."

"விடிஞ்சதும் போயி அந்தப் பேரை அடிச்சிட்டு வா!"

வியாழக்கிழமை காலையில் ஆவுடைத்தாய் ரேஷன் கடைக்குப் போய் நின்றாள்.

"சும்மா அடிக்க முடியாது ஆச்சி. வேற ஊருக்குப் போயிட்டாளா, செத்துட்டாளா?" என்றார் கடைக் குமாஸ்தா.

வேறு ஊர் என்றால் எந்த ஊர் என்று கேட்பானே! "செத்துட்டா" என்றாள் ஆவுடைத்தாய்.

"அடப் பாவமே, நல்ல பொம்பள. ஒரு நாளாவது கடையில வந்து சண்டை போட்டிருப்பாளா?" என்று உச்சுக் கொட்டிக்கொண்டே, பேரை அடித்து, 'இறப்பு' என்று அன்றைய தேதியோடு எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

சாயங்காலம் பால்வண்ணநாதன் தனியாகவே குற்றாலத்துக்கு ஓடினான். பிள்ளை கார்டை வாங்கிப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னைக்குக் காலையில பொண்டாட்டி செத்திருக்கா, சாயந்தரம் பொண்ணு கேட்டு வந்து நிக்கீரே! நீரெல்லாம் மனுசனா வே?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயா, சத்தியமா அப்படி ஒருத்தி பிறக்கவே இல்ல. சீனிக்காக எங்கம்மா எழுதின பேரு. எனக்கு உங்க மகளை விட்டா யாரும் வேண்டாம்யா."

உள்ளே அகிலாண்டேஸ்வரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிள்ளை காதில் அது விழவில்லை.

"என்னது, சீனிக்காகவா? சர்க்காரை ஏமாத்தித் தின்ன குடும்பத்துக்கா என் மகளைக் குடுப்பேன்? என் வீட்டுல அப்படி ஒரு பொய் நடந்திருக்குமா? செங்கோட்டைக்காரன் நாளைக்கு வாரான். எந்திரிச்சுப் போவும்!"

பால்வண்ணநாதன் கார்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். அப்போதுதான், இத்தனை நாளும் வாயே திறக்காத பிள்ளையின் மனைவி முத்துவடிவு அடுக்களைக் கதவோரம் வந்து நின்றாள்.

"இந்தா பாருங்க, நம்ம கார்டுல அகிலாண்டத்துக்குப் புருசன்னு ஒருத்தனை எழுதிவச்சு, அவன் பங்குச் சீனியில தெனமும் காப்பி குடிக்கியளே, அவனை என்னைக்குச் சாவடிக்கப் போறிய?"