குடிநீர் அலுவலகத்தில் ஒரு தியான அறை

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. குழாயில் தண்ணீர் வராதவர்கள் அங்கே வந்து கத்துவார்கள், எழுத்தர் கேட்டுக்கொள்வார், சாயங்காலம் இரு தரப்பும் வீட்டுக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு பல வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்தது.

அந்த எழுத்தரின் நாற்காலியில் இப்போது இருந்தவன் டிகிரி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்பதால் தெரு வைத்த பெயர். வேலை இன்னும் தற்காலிகம்தான். அவனைப் பணியில் உறுதி செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பொறியாளர் கையில் இருந்தது. அவன் தெருவிலேயே குழாய் வறண்டு வெகுநாளாயிற்று. அம்மா தூரத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தாள். சொந்தத் தெருவுக்குச் சலுகை காட்டினான் என்று பேச்சு வந்துவிடுமோ என்று டிகிரி வாயைத் திறக்கவில்லை.

இப்படி இருக்கையில் பொறியாளர், 'அன்றாட நிர்வாகத்தில் புத்தரின் போதனைகள்' என்ற பயிற்சிக்குப் போய், மொட்டையடிக்காத குறையாகத் திரும்பி வந்தார்.

"தம்பி, புகார்னா என்ன?"

"குழாயில தண்ணி வரல சார்."

"அது வெறும் நிகழ்வு. அதுக்காக ஒருத்தர் மனசு வேதனைப்படுது பாருங்க, அதான் புகார். துன்பத்துக்குக் காரணம்?"

"ஆசைன்னு புத்தர் சொல்றாரு சார்."

"எது மேல ஆசை?"

டிகிரி தயங்கினான். "தண்ணி மேலயா சார்?"

"அதேதான். ஆசை அடங்கினா துன்பம் அடங்கும். துன்பம் அடங்கினா புகார் முடிஞ்சுது. இதுல குழாய் எங்க வருது?"

யோசித்துப் பார்த்தால் குழாய் எங்கும் வரவில்லைதான்.

பொதுமக்கள் நலன் கருதி, உடைந்த நாற்காலிகள் கிடந்த அறை காலி செய்யப்பட்டு, மெத்தை விரித்து, ஏசி மாட்டி, தியான அறையாகத் திறக்கப்பட்டது. புகார் சொல்ல வருபவர் உள்ளே உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். முகத்தில் சாந்தம் தோன்றியதும் புகார் தீர்ந்ததாகக் கருதப்படும். சாந்தம் தோன்றிவிட்டதா என்று பார்ப்பது டிகிரியின் கடமை. அதைப் பொறுத்தே அவன் வேலை உறுதியாகும் என்றும் சொல்லப்பட்டது.

டிகிரி எதையும் அரைகுறையாக விடாதவன். நூலகத்தில் புத்தரைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்து நின்றான்.

"சார், அம்பு பட்டவன் கதை ஒண்ணு இருக்கு. எய்தவன் யாரு, எந்த ஊருன்னு விசாரிச்சிட்டு நிக்காம, முதல்ல அம்பைப் பிடுங்கணும்ங்கறாரு. நாமளும் முதல்ல குழாயை..."

பொறியாளர் கனிவோடு சிரித்தார். "தம்பி, அம்பு பிடுங்கறது பராமரிப்புப் பிரிவு. நாம புகார்ப் பிரிவு."

முதலில் வந்தவர்களில் டிகிரியின் அம்மாவும் ஒருத்தி. மகன் என்றும் பாராமல் திட்டுவதற்கென்றே வந்திருந்தாள்.

"ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு என்னதாண்டா பண்ற?"

"கொஞ்ச நேரம் உள்ள உக்காரும்மா. மூச்சைக் கவனி."

"குடத்தைத் தூக்கும்போதெல்லாம் அதைத்தானே கவனிக்கிறேன், இருக்கா போச்சான்னு."

இருந்தாலும் போனாள். குளிர்காற்று பட்டதும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியவள், அலுவலகம் பூட்டும்வரை திறக்கவில்லை. பொறியாளர் கதவிடுக்கில் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"என்ன ஒரு சாந்தம். யாரு இந்தம்மா?"

"புகார்தாரர் சார்" என்றான் டிகிரி.

பிறகு தெருவே திரண்டு வந்தது. தண்ணீர் தூக்கிக் களைத்தவர்கள் சேர்ந்தாற்போல் ஆழ்ந்த நிலை எய்தினார்கள். தண்ணீர் ஒழுங்காக வருகிற தெருக்காரர்களும் புகாரோடு நுழையப் பார்த்தார்கள். டிகிரி நேர்மையானவன், நேரில் போய்க் குழாயைத் திறந்து பார்த்து, பொய்ப் புகார்காரர்களை வாசலோடு அனுப்பினான்.

ஆனால் அம்மா கண் விழித்ததும் மறுபடி குடத்தைத்தானே தூக்குகிறாள்? மனசு கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பராமரிப்புப் பிரிவு பிட்டரிடம் போனான்.

"உங்க தெருவா? ஒரு வால்வு மாத்தணும். அரை மணி வேலை."

"அப்புறம் ஏண்ணே மாத்தல?"

"புகாரெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு உங்க பிரிவுதானே சொல்லுது?"

டிகிரி கெஞ்சிக் கூட்டிவந்த பிட்டர் மண்ணைத் தோண்டியதும் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு டெய்லர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டுத் தோண்டறீங்க?"

"தண்ணி வரும் மாமா" என்றான் டிகிரி.

"வந்துட்டா, நாங்க என்னன்னு சொல்லிக்கிட்டு அங்க வர்றது?"

அம்மா அவனைத் தனியே இழுத்தாள். "குழாய் சரியாயிட்டா ஆள் வராது. ஆள் வரலேன்னா உன் வேலை என்னடா ஆகும்?"

"அதுக்காக நீ குடம் தூக்கிக்கிட்டே இருப்பியாம்மா?"

"தூக்கினாத்தானே அங்க வந்து நல்லாத் தூக்கம் வருது."

பிட்டர் குழியை மூடினார்.

டிகிரி பணியில் உறுதி செய்யப்பட்டான். அந்தச் சந்தோஷத்தில், அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தானே குடத்தோடு தூரத்துத் தெருவுக்குப் போனான். அங்கே பிட்டர் உட்கார்ந்து வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் கைகட்டிச் சுற்றி நின்றார்கள்.

"இந்தக் குழாய்க்கு என்னண்ணே கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லப்பா" என்றார் பிட்டர். "அதனாலதானே நீ இவங்கள உள்ள விடமாட்டேங்கற."